கச்சேரி மேடைப் பியானோ கலைஞரின் வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கத்திய செவ்வியல் கச்சேரிகளில் பியானோ வாசிப்பவருக்குப் பக்கம் திருப்பிக் கொடுக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அவருடைய இடது தோளுக்குச் சற்றுப் பின்னால் எனக்கு ஒரு நாற்காலி. அங்கிருந்தால் அவர் மூச்சு கேட்கும், ஒலியை நீட்டிக்கக் காலால் மிதிக்கும் பெடல் அழுந்தும் சத்தம் கேட்கும், சட்டைக்கையின் உரசல்கூடக் கேட்கும். அந்த நாற்காலியில் இருந்து பார்த்ததையும் இந்தக் கலையின் வரலாற்றில் படித்ததையும் சேர்த்து, என்னிடம் பலரும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பியானோ வாசிக்கிற எல்லோருமே கச்சேரிக் கலைஞர்கள்தானா?

இல்லை. பியானோவை நம்பிப் பிழைப்பவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள், பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பவர்கள், பாலே பயிற்சிக்கு வாசிப்பவர்கள், ஓபரா ஒத்திகையில் முழு ஆர்கெஸ்ட்ராவின் பங்கையும் ஒற்றை ஆளாக வாசித்துக் காட்டுபவர்கள். கச்சேரிக் கலைஞர் என்பவர் தனியாக முழுக் கச்சேரி செய்வார், ஆர்கெஸ்ட்ராவோடு கான்செர்ட்டோ (ஒரு தனிவாத்தியத்துக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமாக எழுதப்பட்ட உருப்படி) வாசிப்பார், வயலின், செல்லோ கலைஞர்களோடு சிறு குழுவாகவும் மேடையேறுவார். நான் பக்கம் திருப்புவது பெரும்பாலும் இந்தக் கடைசி வகையில்தான். தனிக் கச்சேரிகளில் என்னைப் போன்றவர்களுக்கு வேலை குறைவு. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

மாலை முழுக்க ஒரே ஆள் வாசிப்பது என்ற வழக்கத்துக்கு இன்னும் இருநூறு வயதுகூட ஆகவில்லை. அதற்கு முன் ஒரு பாடகர், ஒரு வயலின், நடுவில் கொஞ்சம் பியானோ என்று கலந்துதான் நிகழ்ச்சிகள் நடந்தன. பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான ஃபிரான்ஸ் லிஸ்ட் 1840-ல் லண்டனில் தன் தனி நிகழ்ச்சியை 'ரிசைட்டல்', அதாவது ஒப்பித்தல், என்று விளம்பரப்படுத்தியபோது, பியானோவில் எப்படி ஒப்பிக்க முடியும் என்று மக்கள் குழம்பினார்கள். இன்று உலகம் முழுக்க அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. லிஸ்ட் மட்டும் 1847-லேயே, 35 வயதில், காசுக்காக ஊர் ஊராகச் சென்று வாசிப்பதை நிறுத்திக்கொண்டார்.

எந்த வயதில் தொடங்க வேண்டும்? 12 வயதுப் பிள்ளைக்குத் தாமதமாகிவிட்டதா?

பெரிய மேடைகளில் நீங்கள் பார்க்கும் கலைஞர்களில் பெரும்பாலோர் நான்கு முதல் ஏழு வயதுக்குள் தொடங்கியவர்கள். விரல்கள் சீக்கிரம் பழகும் என்பது ஒரு காரணம். காது சீக்கிரம் திறக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம். சிறு வயதில் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு இசைக்குறிப்பைப் பார்த்ததுமே மனதுக்குள் ஒலி எழும். வளர்ந்தபின் தொடங்குகிறவர் இதைப் பாடுபட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

முறையான கல்விக்குத் தாமதமாக வந்தும் பேர் பெற்றவர்கள் உண்டு. ஸ்வியாதஸ்லாவ் ரிக்டர் 1937-ல், 22 வயதில்தான் மாஸ்கோ கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் ஹைன்ரிக் நெய்ஹாஸிடம் போய்ச் சேர்ந்தார். ஆனால் அவர் சிறுவயது முதலே வீட்டில் வாசித்துக்கொண்டிருந்தவர், ஓபரா அரங்கில் ஒத்திகைகளுக்கு வாசித்து நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கரைத்துக் குடித்திருந்தவர். ஆகவே அவரைத் தாமதமாகத் தொடங்கியவர் என்று சொல்லிப் பிள்ளைகளுக்கு ஆறுதல் தருவது சரியாகாது. 12 வயதில் முதல் கட்டையைத் தொட்டு உலக மேடைக்குப் போவது மிக அரிது. நல்ல வாசிப்பாளராக, நல்ல ஆசிரியராக, வாழ்நாள் முழுக்க இசையோடு வாழ்பவராக ஆவதற்கு அந்த வயது ஒரு தடையே இல்லை.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சாதகம் செய்வார்கள்?

மாணவப் பருவத்தில் நான்கு முதல் ஆறு மணி நேரம் சாதாரணம். கச்சேரிப் பயணங்கள் தொடங்கிவிட்டால் அது கிடைக்கிற நேரத்தைப் பொறுத்தது. எட்டு, பத்து மணி நேரம் என்று பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலைதான் வரும். களைத்த காது தப்பைக் கேட்காது. கேட்காத தப்பை விரல் மனப்பாடம் செய்துவிடும். பிறகு அதைக் கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

சாதகம் என்றால் உருப்படியைத் தொடக்கம் முதல் முடிவு வரை திரும்பத் திரும்ப வாசிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்டால் உங்களுக்கு உருப்படியின் பெயரே தெரியாது. நாலு ஸ்வரம். மறுபடி அதே நாலு ஸ்வரம், பாதி வேகத்தில். இடது கை மட்டும். பிறகு பெடல் இல்லாமல். பிறகு ஒரு நீண்ட மௌனம். அந்த மௌனத்தில்தான் வேலை நடக்கிறது. இப்போது கேட்டது என்ன, கேட்க விரும்பியது என்ன, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அவர் அளந்துகொண்டிருப்பார்.

இதற்கு வாத்தியத்தின் அமைப்பே காரணம். பியானோ கட்டையை அழுத்தினால் கம்பளி போர்த்திய ஒரு சிறு சுத்தியல் தந்தியை நோக்கிப் பறக்கும். தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்பே அது விரலின் பிடியிலிருந்து விடுபட்டுவிடும். அடித்த பிறகு அந்த ஒலியை வளர்க்க முடியாது, அசைக்க முடியாது, கமகம் கொடுக்க முடியாது. அது தேய்ந்துகொண்டே போகும். பாடுவது போன்ற ஒரு வரி பியானோவிலிருந்து வருகிறதென்றால், முந்தைய ஸ்வரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கேட்டு, அதன் வாலில் அடுத்த ஸ்வரத்தைச் சரியான அளவில் வைக்கத் தெரிந்தவர் ஒருவர் அங்கே இருக்கிறார். வேகமாக ஓடும் விரல்களைப் பார்த்து எல்லோரும் வாய் பிளக்கிறோம். எனக்கு இந்த ஒன்றுதான் அதிசயம்.

வாத்தியமே இல்லாமலும் சாதகம் உண்டு. வால்டர் கீஸெகிங் இசைக்குறிப்பைப் படித்தே உருப்படியை மனதில் ஏற்றிக்கொள்வதற்குப் பேர்போனவர். ரயிலிலும் விமானத்திலும் மடியில் தாள்களை விரித்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பவரைப் பார்த்தால், தூங்குகிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

கை சிறியதாக இருந்தால்?

ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு ஆக்டேவ், ஏறக்குறைய 16.5 செ.மீ. அகலம். அதைத் தாண்டி எட்டக்கூடிய பெரிய கை இருந்தால் சில இடங்கள் சுலபம். இசையமைப்பாளரும் பியானோ கலைஞருமான ரக்மனினோஃபின் கை மிகப் பெரியது, அவர் எழுதியதிலும் அது தெரியும். ஆனால் ஐந்தடிக்கும் குறைவான உயரமுள்ள அலிசியா தெ லரோச்சா அதே ரக்மனினோஃபின் மூன்றாவது கான்செர்ட்டோவை வாசித்திருக்கிறார். ஜோசப் ஹாஃப்மனின் சின்னக் கைகளுக்காக ஸ்டைன்வே நிறுவனம் கட்டைகளைக் குறுக்கிய பியானோவே செய்து கொடுத்தது. எட்டாத இடத்தை வலுக்கட்டாயமாக எட்டுவதுதான் ஆபத்து. ஸ்வரங்களை அலைபோலப் பிரித்து வாசிக்கலாம், ஒரு ஸ்வரத்தை மற்றக் கைக்கு மாற்றலாம்.

இத்தனை பக்கங்களை எப்படி மனப்பாடம் செய்கிறார்கள்? நடுவில் மறந்துபோனால்?

தனிக் கச்சேரியும் கான்செர்ட்டோவும் பொதுவாகத் தாள் இல்லாமல்தான். அங்கே எனக்கு வேலை குறைவதும் அதனால்தான். 19-ஆம் நூற்றாண்டில் லிஸ்டும் பியானோ கலைஞர் கிளாரா ஷூமனும் இதை வழக்கமாக்கினார்கள். தாள் இல்லாமல் வாசிப்பது அகம்பாவம் என்று அன்று குறை சொன்னவர்கள் உண்டு. இன்று தாள் வைத்து வாசித்தால் குறை சொல்கிறார்கள்.

நினைவு ஒரே இடத்தில் இருப்பதில்லை. விரலுக்கு ஒரு நினைவு, காதுக்கு ஒன்று, பக்கத்தின் தோற்றத்தைப் பிடித்துவைத்திருக்கும் கண்ணுக்கு ஒன்று, 'இங்கே முதல் கருத்து வேறு சுருதியில் திரும்ப வருகிறது' என்று கட்டமைப்பைத் தெரிந்த புத்திக்கு ஒன்று. விரல் நினைவை மட்டும் நம்பியவர்தான் மேடையில் தடுமாறுவார். ஏனென்றால் பயம் வந்ததும் முதலில் கைவிடுவது அதுதான். அனுபவசாலிகள் ஒரு நீண்ட சொனாட்டாவில் (பல பகுதிகள் கொண்ட உருப்படி) இருபது, முப்பது இடங்களைக் குறித்துவைத்து, எந்த இடத்திலிருந்தும் சட்டென்று தொடங்கப் பழகிக்கொள்வார்கள். ஓரிடத்தில் தவறினால் அடுத்த படிக்கட்டுக்குத் தாவிவிடலாம். பல சமயம் சபைக்குத் தெரியவே தெரியாது.

பியானோ கலைஞர் மரியா ஜோவாவ் பிரெஸுக்கு ஆம்ஸ்டர்டாமில் நடந்தது எல்லோரும் சொல்லும் கதை. ரிக்கார்டோ ஷையி ஆர்கெஸ்ட்ராவை நடத்த, அவர் மோட்சார்ட்டின் வேறொரு கான்செர்ட்டோவுக்குத் தயாராகி வந்து உட்கார்ந்திருந்தார். ஆர்கெஸ்ட்ராவோ மோட்சார்ட்டின் டி மைனர் கான்செர்ட்டோவைத் தொடங்கிவிட்டது. அவர் முகம் வெளிறிப்போவதைப் படப்பதிவில் பார்க்கலாம். பியானோ நுழைவதற்கு முன் ஆர்கெஸ்ட்ரா மட்டும் வாசிக்கும் பகுதி சில நிமிடங்கள் நீளும். அதற்குள் அவர் முன்பு கற்றிருந்த அந்த உருப்படியை மனதிலிருந்து மீட்டெடுத்து, நுழைய வேண்டிய இடத்தில் நுழைந்து வாசித்தார். ஆழமாகக் கற்றது அழிவதில்லை, அடியில் கிடக்கிறது.

தாள் வைத்து வாசிப்பதில் எந்த இழுக்கும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ரிக்டர் தன் கடைசிக் காலத்தில் அரங்கை இருட்டாக்கி, ஒரு சிறு விளக்கின் வெளிச்சத்தில், தாளைப் பார்த்தே வாசித்தார். கேட்டவர்களுக்கு எதுவும் குறையவில்லை.

சர்வதேசப் போட்டியில் ஜெயித்தால்தான் வாழ்க்கையா?

போட்டி கதவைத் திறக்கும். 1958-ல் மாஸ்கோவில் நடந்த முதல் சாய்கோவ்ஸ்கி போட்டியில் வென்ற அமெரிக்கரான வான் கிளைபர்னுக்கு நியூயார்க் தெருக்களில் காகிதத் துணுக்குகளைத் தூவி ஊர்வலமே நடத்தினார்கள். அப்போது அவருக்கு வயது 23. வார்சாவில் 1927 முதல் நடந்துவரும் ஷோப்பான் போட்டியில் மார்த்தா ஆர்கெரிச் வென்றது 1965-ல். 2022-ல், வான் கிளைபர்ன் பெயரில் ஃபோர்ட் வொர்த் நகரில் நடக்கும் போட்டியில் யுன்சன் லிம் 18 வயதில் முதலிடம் பெற்றார். மறுநாளே உலகம் அவர் பெயரைத் தெரிந்துகொண்டது.

அதே சமயம் ஆல்ஃபிரட் பிரெண்டல் 1949-ல் புஸோனி போட்டியில் பெற்றது நான்காம் இடம். 1975-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் போட்டியில் மிட்சுகோ உச்சிதா இரண்டாமிடம், ஆந்த்ராஸ் ஷிஃப் மூன்றாமிடம். எவ்கேனி கிஸின் பெரிய போட்டி எதற்கும் போகாமலே 12 வயதில் மாஸ்கோவில் ஷோப்பானின் இரண்டு கான்செர்ட்டோக்களையும் ஒரே மாலையில் வாசித்து அறியப்பட்டார். 1980-ல் வார்சாவில் ஈவோ போகோரெலிச் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகாதபோது, நடுவராக இருந்த ஆர்கெரிச் கோபித்துக்கொண்டு விலகினார். தேர்வாகாத போகோரெலிச் அந்த ஆண்டின் வெற்றியாளரை விடப் பிரபலமானார்.

போட்டி அளப்பது, இரண்டு மூன்று வாரத்துக்குள் சில உருப்படிகளைத் தவறில்லாமல் வாசிக்கும் திறனை. கச்சேரி வாழ்க்கை கேட்பது நாற்பது ஆண்டுக்கான சரக்கை. வென்றவருக்கு உடனே ஓராண்டில் ஐம்பது, அறுபது கச்சேரிகள் குவியும். கையில் இருப்பதோ போட்டிக்குத் தயாரித்த பத்து உருப்படிகள். புதிதாகக் கற்க நேரமே இல்லாமல் அதையே வாசித்துத் தீர்ந்துபோன இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். பரிசு கொஞ்சம் தாமதமாகக் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று தோன்றும்.

சொந்தப் பியானோவை எடுத்துக்கொண்டு போவார்களா?

வயலின் கலைஞருக்குத் தன் வயலின் தன் தோளில். புல்லாங்குழலுக்கு ஒரு சிறு பெட்டி போதும். கச்சேரிப் பியானோவின் நீளம் சுமார் 274 செ.மீ., எடை ஏறக்குறைய 480 கிலோ. ஹோரோவிட்ஸும் மைக்கேலாஞ்சலியும் தங்கள் பியானோவையே ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள். அது மிகச் சிலருக்கே வாய்க்கும். மற்ற எல்லோரும் அந்தந்த அரங்கில் இருப்பதைத்தான் வாசிக்க வேண்டும்.

இந்த வாழ்க்கையின் மிகக் கடினமான பகுதி இதுதான் என்பேன். ஒவ்வொரு ஊரிலும் முன்பின் தெரியாத ஒரு வாத்தியம். ஒன்றில் கட்டை கனமாக இருக்கும், ஒன்றில் தொட்டாலே கத்தும். ஒன்றில் நடுஸ்தாயி தேன், மேல்ஸ்தாயி கண்ணாடி. எந்த ஆழத்தில் பெடல் பிடிக்கத் தொடங்குகிறது என்பது ஒவ்வொன்றிலும் வேறு. மூன்று மாதம் தன் வீட்டுப் பியானோவில் செதுக்கிய ஒவ்வொரு நுணுக்கத்தையும் இரண்டு மணி நேர ஒத்திகைக்குள் இந்தப் புதிய வாத்தியத்துக்கு மாற்றி எழுத வேண்டும். அரங்கும் மாறும். எதிரொலி அதிகமுள்ள அரங்கில் வேகத்தைக் குறைத்துப் பெடலைச் சிக்கனமாகப் பிடிக்க வேண்டும். வெறும் அரங்கில் ஒத்திகை பார்த்தபோது முழங்கிய ஒலியை, மாலையில் நிரம்பிய சபையின் உடைகள் உறிஞ்சிவிடும்.

அப்போது துணைக்கு இருப்பவர் சுருதி சேர்ப்பவர். 200-க்கும் மேற்பட்ட தந்திகளின் சுருதியை ஒத்திகைக்கு முன் ஒருமுறை, கச்சேரிக்கு முன் ஒருமுறை சரிபார்ப்பார். சில ஊர்களில் இடைவேளையிலும் வந்து நிற்பார். சுத்தியலின் கம்பளியை ஊசியால் குத்தித் தளர்த்தி ஒலியை மென்மையாக்குவதும் அவர் வேலைதான். 'மேலே கொஞ்சம் கூர்மையாக இருக்கிறது, உருண்டையாக வேண்டும்' என்று கலைஞர் சொல்வார். அந்தச் சொல்லை அவர் ஊசிக்குத்துகளாக மாற்றுவார். சபை இவருக்குக் கைதட்டுவதில்லை. நல்ல கலைஞர்கள் கச்சேரி முடிந்ததும் முதலில் தேடிப் போய்க் கைகுலுக்குவது இவரைத்தான்.

கச்சேரி நாள் எப்படிக் கழியும்?

ஆளுக்கு ஆள் மாறும். காலையில் ஒத்திகை, மதியம் தூக்கம், மாலையில் லேசான சாப்பாடு என்பது பொது. ஆர்கெஸ்ட்ராவோடு என்றால் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஒத்திகைகள்தான் கிடைக்கும். ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டரோடு வேகம் பற்றித் தனியாகப் பேசிக்கொள்ள அரைமணி நேரம் கிடைத்தால் பெரிய பாக்கியம். மேடைக்குப் பின்னால் வெந்நீரில் கையை நனைப்பவர்கள் உண்டு, கையுறை போட்டிருப்பவர்கள் உண்டு. சிலர் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள், சிலர் நிறுத்தாமல் பேசுவார்கள். முடிந்ததும் அரைமணி நேரம் எல்லோரும் சூழ்ந்திருப்பார்கள். பிறகு ஓட்டல் அறை, தனிமை, விடிகாலை விமானம். இதைத் தாங்க முடியாமல் விலகியவர்களும் இருக்கிறார்கள்.

இவ்வளவு பெரிய கலைஞர்களுக்கும் மேடை பயம் இருக்குமா?

இருக்கும். நன்றாகவே இருக்கும். ஹோரோவிட்ஸ் புகழின் உச்சியில் 1953-ல் மேடையை விட்டு விலகி 12 ஆண்டுகள் வீட்டிலேயே இருந்தார். 1965-ல் கார்னகி ஹாலில் திரும்பி வந்தார். ஆர்கெரிச் 1980-களின் தொடக்கத்திலிருந்து தனிக் கச்சேரிகளைப் பெரும்பாலும் தவிர்த்து, நண்பர்களோடு சேர்ந்தே வாசிக்கிறார். மேடையில் தனியாக இருப்பதன் பாரம் அவ்வளவு.

இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தத் துறையில் உண்டு. மருத்துவர் சொல்லாமல் யாரும் தொடக்கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. நான் பக்கத்திலிருந்து பார்த்தவரை, பயத்திலிருந்து மீள்கிறவர்கள் 'என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்' என்பதிலிருந்து 'இந்த ஸ்வரம் எங்கே போகிறது' என்பதற்குக் கவனத்தை மாற்றிக்கொள்கிறார்கள். முதல் இரண்டு நிமிடம் விரல் நடுங்கும். மூன்றாவது நிமிடம் அவர் கேட்கத் தொடங்கிவிட்டார் என்பது அவர் தோள் இறங்குவதில் தெரியும்.

நல்ல வருமானம் உண்டா?

மிகச் சிலருக்கு மிக நன்றாக உண்டு. மற்றவர்கள் இசைக் கல்லூரிகளில் கற்பித்துத்தான் குடும்பம் நடத்துகிறார்கள். கச்சேரிக்குக் கிடைக்கும் தொகையில் ஏஜென்டுக்குப் பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதம் போகும். பயணமும் தங்கும் செலவும் பல சமயம் கலைஞர் தலையில்தான். நிகழ்ச்சி ரத்தானால் சாதகம் செய்த மாதங்களுக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. பெரிய அரங்குகள் ஓரிரு ஆண்டுகளுக்கு முன்பே தேதி குறித்துவிடும் என்பதால் வாழ்க்கை முழுக்க எதிர்காலத்துக்கு எழுதிக்கொடுக்கப்பட்டதாக இருக்கும்.

கிளாரா ஷூமனை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. கணவர் ராபர்ட் ஷூமன் 1856-ல் மனநலக் காப்பகத்தில் இறந்தபோது அவருக்கு ஏழு குழந்தைகள். கச்சேரிப் பயணத்தில் கிடைத்த வருமானத்தில்தான் அவர்களை வளர்த்தார். ஒன்பது வயதில் லைப்சிக்கில் மேடையேறியவர், 1891 வரை வாசித்தார்.

கைவலி வந்தால்?

நிறுத்த வேண்டும். வலியோடு வாசிப்பது வீரம் என்று சொல்லும் ஆசிரியரை விட்டு விலக வேண்டும். தசைநாண் வீக்கம் ஓய்விலும் சரியான பழக்கத்திலும் பெரும்பாலும் குணமாகும். அஞ்ச வேண்டியது டிஸ்டோனியா. வலியே இல்லாமல், விரல் தன்னிச்சையாக மடங்கத் தொடங்கும். கையில் காயம் எதுவும் இருக்காது, கோளாறு மூளை விரலுக்குக் கட்டளையிடும் விதத்தில் இருக்கிறது. தொழில்முறை இசைக் கலைஞர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இது வருவதாக மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

பியானோ கலைஞர் லியோன் ஃபிளைஷருக்கு இது 1964-ல் வந்தது. முப்பதுகளின் நடுவில், உச்சத்தில் இருந்தவர். வலது கையின் கடைசி இரு விரல்கள் உள்ளே சுருண்டுகொண்டன. கற்பித்தார், ஆர்கெஸ்ட்ரா நடத்தினார், இடது கைக்கு மட்டும் எழுதப்பட்டவற்றை வாசித்தார். அப்படி எழுதப்பட்டவற்றில் பல, முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பால் விட்கென்ஸ்டைன் என்ற பியானோ கலைஞருக்காக எழுதப்பட்டவை. ராவெலின் இடது கைக் கான்செர்ட்டோவும் அப்படிப் பிறந்ததுதான். முப்பது ஆண்டுகள் கழித்து, போடாக்ஸ் ஊசி சிகிச்சையின் உதவியோடு ஃபிளைஷர் இரு கைகளாலும் வாசிக்கத் திரும்பினார். அந்த வாசிப்பின் பதிவு 2004-ல் வந்தது. கேட்டுப் பாருங்கள். அவசரமே இல்லாத வாசிப்பு அது.

ஒலிப்பதிவு மட்டும் செய்து வாழ முடியாதா?

பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் அப்படிச் செய்தார். 1964-ல், 31 வயதில், இனி சபை முன் வாசிப்பதில்லை என்று விலகி, 1982-ல் இறக்கும் வரை பதிவறையிலேயே இருந்தார். அவர் காலத்தில் இசைத்தட்டு விற்பனை சோறு போட்டது. இணையத்தில் பாட்டு கேட்கும் இந்தக் காலத்தில் பதிவு என்பது பெரும்பாலும் அறிமுகச் சீட்டு, வருமானம் மேடையில்தான்.

ஒரே உருப்படிகளை வாழ்நாள் முழுக்க வாசித்தால் சலிக்காதா? எத்தனை வயதுவரை வாசிக்கலாம்?

இரண்டுக்கும் ஒரே பதில்தான். பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை கூல்ட் 1955-ல் பதிவு செய்தார், 1981-ல் மறுபடி செய்தார். முதலாவது பறக்கிறது. இரண்டாவது நின்று நிதானித்துப் பேசுகிறது. பிரெண்டல் பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் மூன்று முறை பதிவு செய்தார். தாளில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. கேட்கும் மனிதர் மாறியிருந்தார்.

விரல் வேகம் அறுபதுக்குப் பிறகு குறையும். கேட்கும் திறனும் வயதோடு தேயும். ரிக்டருக்குப் பிற்காலத்தில் ஸ்வரங்கள் உள்ளபடி கேட்காமல் சுருதி மாறிக் கேட்டன. அது அவருக்கு எவ்வளவு வேதனை தந்திருக்கும் என்று நினைத்தாலே மனம் கனக்கிறது. பிரெண்டல் 2008-ல், 77 வயதில், விரலும் மனமும் நன்றாக இருக்கும்போதே விடைபெற்றார். ஆர்தர் ரூபின்ஸ்டைன் 89 வயதில், பார்வை மங்கிய நிலையில், 1976-ல் லண்டன் விக்மோர் ஹாலில் கடைசிக் கச்சேரி செய்தார்.

முதல்முறையாகப் பியானோ கச்சேரிக்குப் போகிறேன். எங்கே உட்காரலாம்?

கைகளைப் பார்க்க வேண்டுமானால் மேடையைப் பார்த்து இடது பக்கம். பியானோவின் மூடி சபையை நோக்கித் திறந்திருப்பதால் ஒலி நடுவிலும் சற்று வலப்பக்கமும் நிறைவாக வரும். நான்கு பகுதியுள்ள சொனாட்டாவில் நடுவில் கைதட்டுவதில்லை என்பது இன்றைய வழக்கம். எப்போது முடிந்தது என்று தெரியாவிட்டால் அவர் கைகளைப் பாருங்கள். கட்டையிலிருந்து கை எழுந்த பிறகும் பெடலில் கால் இருந்தால், அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். கால் எழுந்ததும் கைதட்டலாம்.